வளரும் பிள்ளையின் கோல்ஃப் ஸ்விங்: எந்தப் பயிற்சி முறையைத் தேர்ந்தெடுப்பது?

எட்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள ஒரு பிள்ளையைக் கோல்ஃப் பயிற்சியில் சேர்க்கும்போது பெற்றோரும் பயிற்றுநரும் சேர்ந்து எடுக்க வேண்டிய மிகப் பெரிய முடிவு, ஸ்விங்கை, அதாவது பந்தை அடிக்க மட்டையை வீசும் அசைவை, எந்த வழியில் கற்பிக்கப் போகிறோம் என்பதே. நடைமுறையில் இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரு நல்ல ஸ்விங்கின் வடிவத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, பிள்ளையின் கை, தோள், இடுப்பு ஆகியவற்றை ஒவ்வொரு நிலையாக அந்த வடிவத்துக்குக் கொண்டுவருவது முதல் வழி. பந்து எங்கே போய் விழ வேண்டும், எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும் என்ற பணியைக் கொடுத்து, அதை நிறைவேற்றும் முயற்சியிலேயே ஸ்விங் உருவாகும்படி செய்வது இரண்டாவது வழி. நேர்த்தியையும் துல்லியத்தையும் சில ஆண்டுகளுக்குத் தள்ளி வைத்துவிட்டு, முழு வேகத்தில் வீசும் திறனை முதலில் வளர்த்தெடுப்பது மூன்றாவது வழி.

பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாவது வழியே அடிப்படையாக இருக்க வேண்டும் என்பதும், மூன்றாவதற்கு ஒவ்வொரு பயிற்சி நாளிலும் சிறிது நேரம் ஒதுக்க வேண்டும் என்பதும், முதல் வழியைத் தேவை தெளிவாகத் தெரியும் இடங்களில் மட்டும் அளவோடு பயன்படுத்த வேண்டும் என்பதும் என் முடிவு. ஆனால் இந்த முடிவு எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாப் பயிற்றுநர்களுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது என்பதை அறிந்துகொள்ள, ஒவ்வொரு வழியும் பிள்ளையின் உடலுக்குள்ளும் மனத்துக்குள்ளும் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

முதலில் ஸ்விங்கின் கால அளவை நினைவில் கொள்வது நல்லது. தேர்ந்த ஆட்டக்காரர் மட்டையைப் பின்னோக்கி உயர்த்த ஏறக்குறைய முக்கால் விநாடி எடுத்துக்கொள்கிறார். அங்கிருந்து பந்தை அடையும் கீழ்வீச்சுக்கு ஏறக்குறைய கால் விநாடி ஆகிறது. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரமோ ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். கீழ்வீச்சு தொடங்கிய பிறகு முழங்கையை இப்படி வை, மணிக்கட்டை அப்படித் திருப்பு என்று யாராலும் தன்னைத்தானே திருத்திக்கொள்ள முடியாது. அதற்குரிய நேரம் அங்கே இல்லை. ஆகவே பயிற்றுநரால் தொட முடிகிறவை இரண்டே: வீசுவதற்கு முன்பு அமைத்துக்கொள்ளப்படும் நிலை, பல நூறு முறை செய்ததால் உடலில் படிந்துவிட்ட பழக்கம். மூன்று வழிகளையும் இந்த இரண்டையும் வைத்தே எடைபோட வேண்டும்.

எந்த வழியிலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டிய சில செய்திகள் உண்டு. பிடி, நிற்கும் நிலை, இலக்கை நோக்கி உடலை ஒழுங்கு செய்தல், பந்து வைக்கப்படும் இடம் ஆகிய நான்கும் அசையாமல் நிற்கும்போதே அமைத்துக்கொள்ளக்கூடியவை. ஆறு வயதுப் பிள்ளைகூட இவற்றைச் சரியாகச் செய்ய முடியும். வலக்கை ஆட்டக்காரராக இருந்தால் இடக்கையைப் பிடியின் மேல் வைத்துக் குனிந்து பார்க்கும்போது அந்தக் கையின் இரண்டு அல்லது மூன்று முட்டிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிடி உள்ளங்கையின் நடுவில் படிந்திருந்தால் மணிக்கட்டு கட்டுண்டு போகும். விரல்களின் அடிப்பகுதியில் படிந்திருந்தால் அது தாராளமாக மடங்கி விரியும். சிறிய கைகளுக்குப் பத்து விரல்களும் மட்டையில் படியும் பிடியே எளிது. பெரும் ஆட்டக்காரர்களான ஜாக் நிக்லஸும் டைகர் வுட்ஸும் விரல்களைக் கோத்துக்கொள்ளும் பிடியைப் பயன்படுத்தியவர்கள். எந்தப் பிடி என்பதைவிட, மட்டையின் முகம் பந்தைச் சந்திக்கும்போது எங்கே பார்க்கிறது என்பதே முக்கியம் என்பதால், இதில் பிடிவாதம் வேண்டாம்.

மட்டையின் எடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிள்ளைகளிடம் ஸ்விங் குறை என்று பெயரிடப்படுவனவற்றில் பெரும்பகுதி மட்டையின் குறையே. பெரியவர்களின் பழைய மட்டையை நீளத்தில் வெட்டிப் பிள்ளையிடம் கொடுத்தால் இரண்டு தீமைகள் நேர்கின்றன: வெட்டப்பட்ட தண்டு முன்பைவிட விறைப்பாகிவிடுகிறது, மட்டையின் தலை மட்டும் பெரியவருக்குரிய எடையோடு அப்படியே இருக்கிறது. அந்தத் தலையை உயர்த்துவதற்காகப் பிள்ளை முதுகைப் பின்னால் சாய்க்கும், இடது முழங்கையை மடக்கும், மேலே போனதும் பிடியைத் தளர்த்தும். வடிவத்தைக் கற்பிக்கும் பயிற்றுநர் இந்த மூன்றையும் தனித்தனிக் குறைகளாக எண்ணிப் பல வாரங்கள் திருத்துவார். உயரத்துக்கேற்ற இலகுவான மட்டையைக் கொடுத்தால் மூன்றும் அன்றைக்கே பாதியாகக் குறைந்துவிடும். பிள்ளையால் ஒரு கையால் மட்டையை முன்னே நீட்டிச் சில விநாடிகள் நடுங்காமல் பிடித்திருக்க முடியவில்லை என்றால் அந்த மட்டை கனம் என்றே கொள்ளலாம். விதிகள் ஒரு ஆட்டக்காரருக்கு 14 மட்டைகள் வரை அனுமதிக்கின்றன. பிள்ளைக்கு ஐந்தோ ஆறோ போதும். அவை சரியான நீளத்தில் இருக்க வேண்டும், வளர்ச்சியைப் பார்த்து அடிக்கடி மாற்றப்பட வேண்டும்.

வடிவத்தைக் கற்பிக்கும் வழி

இதன் வலிமை தெளிவு. மட்டை உச்சிக்குப் போகும்போது தண்டு எங்கே இருக்க வேண்டும், இடுப்பு எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய விடை இருக்கிறது. பயிற்றுநர் ஒளிப்பதிவை நிறுத்திக் காட்டலாம். பெற்றோர் முன்னேற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். பிள்ளைக்கும் எதைச் செய்ய வேண்டும் என்பதில் ஐயம் எழுவதில்லை. முதுகைக் கெடுக்கக்கூடிய அசைவுகளையும் பிடியிலுள்ள அடிப்படைப் பிழைகளையும் களைவதற்கு இதைவிட நேரடியான வழி கிடையாது. பதினாறு, பதினேழு வயதில், தன் உடலைத் தானே நன்கு உணரும் நிலைக்கு வந்துவிட்ட போட்டியாளருக்கு இந்த வழி பெரும் பயன் தருவதையும் மறுக்க முடியாது.

ஆனால் சிறு வயதில் இதன் விலை அதிகம். காப்ரியேல் வுல்ஃப் என்ற உடலியக்க ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கோல்ஃபுக்குப் புதியவர்களுக்குக் பந்தை உயர எழுப்பிக் குறுகிய தூரம் அனுப்பும் பிட்ச் அடியைக் கற்பித்தார்கள். ஒரு குழுவினரிடம் தங்கள் கைகளின் வீச்சில் கவனம் வைக்கச் சொன்னார்கள். மற்றொரு குழுவினரிடம் மட்டையின் வீச்சில் கவனம் வைக்கச் சொன்னார்கள். மட்டையைக் கவனித்தவர்கள் பயிற்சியின்போதும் அதற்குப் பின் நடந்த சோதனையிலும் கூடுதல் துல்லியத்தோடு அடித்தார்கள். கவனத்தை உடலுக்கு உள்ளே திருப்பினால் தானாக நடக்க வேண்டிய அசைவில் மனம் குறுக்கிடுகிறது என்பது இதற்கு அவர்கள் தரும் விளக்கம். வடிவத்தைக் கற்பிக்கும் வழியோ ஏறக்குறைய முழுக்க முழுக்க உடலின் உறுப்புகளைப் பற்றியே பேசுகிறது. நல்ல பயிற்றுநர் அதே திருத்தத்தை மட்டையின் சொற்களில் மாற்றிச் சொல்லிவிடுவார்: மணிக்கட்டைத் திருப்பு என்பதற்குப் பதிலாக, மட்டையின் மூக்கு (தலையின் வெளி நுனி) வானத்தைப் பார்க்கும்படி முடி என்பார்.

இரண்டாவது இடர், சார்ந்திருத்தல். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பயிற்றுநர் ஒரு குறிப்பு சொன்னால், பிள்ளை பந்தைப் பார்க்காமல் பயிற்றுநரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். சல்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகிய மூவரும் 1984-இல் எழுதிய ஆய்வுத் தொகுப்பு இதையே வேறு சொற்களில் எச்சரித்தது: அடிக்கடி தரப்படும் பின்னூட்டம் பயிற்சி நேரத்தில் செயலை உயர்த்திக் காட்டும், பின்னூட்டம் நின்றதும் அந்த உயர்வு தங்குவதில்லை. மைதானத்தில் பிள்ளை தனியாகத்தான் நிற்கும். பயிற்சித் திடலில் அழகாக ஆடிவிட்டுப் போட்டியில் திணறும் இளையோரைப் பற்றி மன உறுதி போதவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கற்பித்த முறையே அந்தத் திணறலுக்குக் காரணமாக இருக்கலாம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

முன்மாதிரி என்பது ஒன்றுதானா என்ற கேள்வியும் எழுகிறது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங் உச்சியில் ஒரு வளையம் போட்டுத் திரும்பும். எந்தப் பாடத்திட்டமும் அதை முன்மாதிரியாக வைக்காது. அந்த ஸ்விங்கோடுதான் அவர் 2003-இல் யு.எஸ். ஓப்பன் என்ற பெரும் போட்டியை வென்றார், 2016-இல் பி.ஜி.ஏ. டூர் என்ற தொழில்முறைத் தொடரின் போட்டியொன்றில் வெறும் 58 அடிகளில் ஒரு சுற்றை முடித்தார் (கோல்ஃபில் அடிகள் குறைவதே சிறப்பு). இதை எடுத்துக்காட்டி, பயிற்சியே தேவையில்லை என்று வாதிடுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அவருக்குக் கற்பித்த தந்தை மைக் ஃப்யூரிக் கோல்ஃபைத் தொழிலாகக் கற்பித்தவர். வளையத்தைத் திருத்தாமல் விட்டது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. அதேபோல் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் ஹார்வி பெனிக் என்ற ஒரே ஆசானிடம் சிறுவர்களாகப் பயின்றவர்கள் டாம் கைட்டும் பென் கிரென்ஷாவும். இருவரின் ஸ்விங்கும் ஒன்றுபோல் வரவில்லை. கிரென்ஷா 1984-லும் 1995-லும் மாஸ்டர்ஸ் என்ற பெரும் போட்டியை வென்றார், கைட் 1992-இல் யு.எஸ். ஓப்பனை வென்றார். சிறந்த ஆட்டக்காரர்களின் மட்டைகள் வேறு வேறு பாதைகளில் மேலே போகின்றன; பந்தைச் சந்திக்கும் அந்தக் கணத்தில்தான் அவை ஒன்றுக்கொன்று நெருங்கி வருகின்றன.

பணியைக் கொடுத்துக் கற்பிக்கும் வழி

உடலியக்க ஆய்வாளர் கார்ல் நியூவெல் 1986-இல் முன்வைத்த கருத்து இந்த வழிக்கு அடித்தளம். ஒருவரின் அசைவு, அவருடைய உடல், சுற்றியுள்ள சூழல், செய்ய வேண்டிய பணி ஆகிய மூன்றின் வரம்புகளுக்குள் தானாக அமைகிறது என்றார் அவர். பிள்ளையின் உடலை நாம் மாற்ற முடியாது. ஆனால் சூழலையும் பணியையும் மாற்ற முடியும். பின்னாளில் புகழ்பெற்ற ஆட்டக்காரரான செவே பயெஸ்டரோஸ் சிறுவனாக இருந்தபோது ஸ்பெயினின் பெட்ரெனா கடற்கரை மணலில் ஒரே ஒரு மூன்றாம் எண் அயர்னை (இரும்புத் தலை மட்டையை) வைத்துக்கொண்டு எல்லா அடிகளையும் ஆடிப் பழகியதை இதற்குச் சான்றாகச் சொல்வார்கள். தாழ்வான அடி, உயரமான அடி, மெதுவாக இறங்கும் அடி என்று அனைத்தையும் ஒரே மட்டையில் வரவழைக்க வேண்டியிருந்ததால், மட்டையின் முகத்தைத் திறக்கவும் மூடவும் அவருடைய கைகள் தாமாகக் கற்றுக்கொண்டன.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு குறையை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். வலக்கையால் ஆடும் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பந்து சற்று இடப்புறம் கிளம்பி வலப்புறம் வளைந்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைஸ் என்று எல்லோரும் அறிந்த குறை. பந்து வலப்புறம் போவதால் அவள் அடுத்த முறை இன்னும் இடப்புறமாக உடலைத் திருப்பி நிற்கிறாள். மட்டை இன்னும் அதிகமாக வெளியிலிருந்து உள்ளே, அதாவது பந்துக்கு அப்பாலிருந்து உடல் பக்கமாக, வெட்டி வருகிறது. பந்தின் வளைவு கூடுகிறது. அவள் தன் கண்ணால் கண்டதற்கு ஏற்ப நியாயமாகத்தான் நடந்துகொண்டாள், ஆனால் ஒவ்வொரு திருத்தமும் குறையைப் பெரிதாக்கிவிட்டது.

இங்கே பயிற்றுநரின் அறிவு பிழையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பந்து கிளம்பும் திசையை மட்டையின் பாதையே தீர்மானிக்கிறது என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டுவந்தது. ராடார் கருவிகள் பந்தையும் மட்டையையும் அளக்கத் தொடங்கிய பிறகு அது தவறு என்று தெளிவாயிற்று. கிளம்பும் திசையில் பெரும்பங்கு மட்டையின் முகத்துக்கே உரியது. மிகத் தொலைவுக்கு அடிக்கும் மட்டையான டிரைவரில் ஏறக்குறைய 85 சதவீதம், அயர்னில் ஏறக்குறைய 75 சதவீதம் என்று சொல்லப்படுகிறது. நடுமுகத்தில் பட்ட பந்து வளைவது, முகத்தின் திசைக்கும் பாதையின் திசைக்கும் இடையிலான வேறுபாட்டால். ஆகவே நம் சிறுமியின் பந்து இடப்புறம் கிளம்புகிறது என்றால் அவளுடைய மட்டை முகம் இலக்குக்குச் சற்று இடப்புறமே பார்க்கிறது. பாதை அதைவிட இன்னும் இடப்புறமாகப் போகிறது. முகத்தை மூடு என்று அவளிடம் சொன்னால், பந்து இன்னும் இடப்புறமாகக் கிளம்பும். அவளுக்குத் திருத்த வேண்டியது பாதை.

வடிவத்தைக் கற்பிப்பவர் இப்போது தோளைத் தாமதமாகத் திற, வலது முழங்கையை விலாவோடு இறக்கு என்பார். பணியைக் கொடுப்பவர் முதலில் அவளை இலக்குக்கு நேராக நிற்க வைப்பார். அதற்குத் தரையில் ஒரு கோல் போதும். பிறகு பந்துக்கு அப்பால், இலக்குக்கு எதிர்ப்புறமாகச் சற்றுப் பின்தள்ளி, வெற்று அட்டைப் பெட்டி ஒன்றையோ மட்டையின் துணி உறையையோ வைப்பார். வெளியிலிருந்து வெட்டி வரும் மட்டை அதில் இடிக்கும். உள்ளிருந்து வரும் மட்டை இடிக்காது. பெட்டியைத் தொடாமல், முன்னேயுள்ள கொடிக்கம்பத்துக்கு வலப்புறம் பந்தைக் கிளப்பிக் கம்பத்தை நோக்கித் திரும்பி வரச் செய் என்பதே அவளுக்குத் தரப்படும் ஒரே சொல். முதல் சில வீச்சுகளில் பெட்டி பறக்கும், அவள் சிரிப்பாள். பிறகு வேகத்தைக் குறைத்து வழியைத் தேடுவாள். பந்து வலப்புறம் நேராகக் கிளம்பும் முதல் அடியை அவளுடைய கைகளே கண்டுபிடிக்கும். அந்த அடியின் உணர்வு எப்படி இருந்தது என்று கேட்டால், எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு சொல்லால் அவள் அதை விவரிப்பாள். அந்தச் சொல்லைப் பயிற்றுநர் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த வாரமும் அதையே பயன்படுத்த வேண்டும்.

பந்துக்குப் பின்னால் தரையை அடிக்கும் குறைக்கு, பந்திலிருந்து ஒரு சாண் பின்னால் மடித்த துண்டை வைத்து, அதைத் தொடாமல் பந்தை எடுக்கச் சொல்வது இதே வகையைச் சேர்ந்தது. உயரமான அடிக்கு ஒரு பையைத் தாண்டவும், தாழ்வான அடிக்கு இரு கம்பங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றுக்குக் கீழே அனுப்பவும் சொல்லலாம். கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள, ஒட்ட வெட்டிய புல்தரைக்கு) அருகிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பின்னோக்கிப் போவதும் இந்த வழியின் முக்கியமான கூறு. ஆபரேஷன் 36 என்ற பயிற்சித் திட்டத்தில், பிள்ளை ஒவ்வொரு குழியிலும் 25 கெஜத் தூரத்திலிருந்தே ஆடத் தொடங்குகிறது. ஒன்பது குழிகளை 36 அடிகளுக்குள் முடித்த பிறகே அடுத்த தூரத்துக்குப் போகிறது. வந்த சில நாள்களிலேயே உண்மையான ஆட்டத்தை ஆடி, உண்மையான எண்ணிக்கையை எழுதும் பிள்ளை மீண்டும் வர விரும்புகிறது. ஆறு மாதம் ஒரே இடத்தில் நின்று பந்தடித்த பிறகே மைதானத்தைப் பார்க்கும் பிள்ளைகளில் பலர் அதற்கு முன்பே விளையாட்டை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

அடிகளைக் கலந்து பழகுவதற்கும் இங்கே இயல்பாக இடம் உண்டு. ஷே, மார்கன் ஆகிய இருவர் 1979-இல் செய்த சோதனையில், மூன்று வகைக் கை அசைவுகளை ஒவ்வொன்றாக முடித்துப் பழகியவர்கள் பயிற்சியின்போது மேலாகச் செய்தார்கள். கலந்து பழகியவர்கள் பிறகு நடந்த சோதனையில் மேலாகச் செய்தார்கள். அது ஆய்வுக்கூடத்து அசைவு என்பதையும், முற்றிலும் புதிய பிள்ளைக்குச் சிறிது நேரம் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் பந்து மட்டையில் ஓரளவு சீராகப் படத் தொடங்கியதும், ஒவ்வொரு அடிக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றுவதே மைதானத்தின் நிலையை ஒத்திருக்கும்.

இந்த வழியின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. இது பயிற்றுநரிடம் அதிகம் கேட்கிறது. பணி தவறாக அமைந்தால் பிள்ளை தவறானதைக் கற்றுக்கொள்ளும்: மேற்சொன்ன பெட்டியைப் பந்துக்கு மிக அருகில் வைத்தால், அச்சத்தில் உடலைப் பின்னால் இழுத்து, பந்தின் தலையை மட்டும் தட்டும் பழக்கம் வரும். பிடியிலுள்ள பிழையை எந்தப் பணியும் தானாகச் சரிசெய்யாது. பிழையான பிடிக்கு ஈடுகட்டும் இன்னொரு பிழையைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும், அந்த இரண்டும் சேர்ந்து வெற்றியும் தரும், பிறகு அவற்றைப் பிரிப்பது கடினம். பெரிய குழுவில் ஒவ்வொருவருக்கும் தனிப் பணி கொடுப்பது எளிதல்ல. மட்டைகள் சுழலும் இடத்தில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதையும் ஒருவர் இடைவிடாமல் கவனிக்க வேண்டும். பார்வைக்கு இது வெறும் விளையாட்டுப்போல் தோன்றுவதால், கற்பிக்கவே இல்லை என்று பெற்றோர் நினைப்பதும் உண்டு. பயிற்றுநர் தொடக்கத்திலேயே அவர்களோடு பேசிவிட வேண்டும்.

வேகத்தை முதலில் வளர்க்கும் வழி

ஜாக் நிக்லஸ் 1950-இல், பத்து வயதில், ஒஹையோவின் சியோட்டோ மைதானத்தில் ஜாக் கிரவுட்டிடம் பயிலத் தொடங்கினார். இயன்றவரை பலமாக அடி, நேராக அடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கிரவுட் அவருக்குக் கொடுத்த அறிவுரை. அதே சமயம் தலையை அசையாமல் வைத்திருப்பதில் கிரவுட் கண்டிப்பாக இருந்தார். உதவியாளர் ஒருவர் சிறுவனின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் பந்தடித்தான். விடுதலை ஓரிடத்தில், கண்டிப்பு வேறோரிடத்தில் என்ற இந்தச் சேர்க்கைதான் கவனிக்க வேண்டியது. கண்மூடித்தனமாக வீசுவதை கிரவுட் ஒருநாளும் கற்பிக்கவில்லை.

இதற்குப் பின்னால் வலுவான காரணம் இருக்கிறது. தவறிவிடுமோ என்ற அச்சத்தில் சிறு வயதிலிருந்தே அடக்கி வீசிப் பழகிய பிள்ளை, தரையிலிருந்து தொடங்கி இடுப்பு, மார்பு, கை, மட்டை என்று வேகம் வரிசையாக ஏறும் ஒழுங்கைக் கற்பதே இல்லை. கைகளால் மட்டும் பந்தைத் தள்ளுகிறது. அதற்குப் பதினெட்டு வயதில் வேகத்தைக் கற்பிப்பது மிகக் கடினம். மாறாக, வேகமாக வீசி அங்குமிங்கும் அனுப்பும் பிள்ளைக்குத் திசையைக் கற்பிப்பது ஒப்பீட்டளவில் எளிது. மேலே போகும்போது மட்டை தரைக்கு இணையான நிலையைத் தாண்டித் தொங்குகிறது என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளையின் வீச்சைச் சுருக்கக் கூடாது என்பது இதனால்தான். வலிமை வளரும்போது அது தானே சுருங்கும்.

ஆயினும் இதை முழுமையான பயிற்சி முறையாக ஏற்க முடியாது. பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது), சிப்பிங் (கிரீனுக்கு அருகிலிருந்து மெல்லத் தட்டுவது), பங்கர் (மணல் பள்ளம்) பற்றி இதற்குச் சொல்ல எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய கவலை முதுகு. வளரும் வயதில் கீழ் முதுகைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சுழற்றும் விளையாட்டுகளில், முதுகெலும்பின் ஒரு மெல்லிய பகுதியில் அழுத்தத்தால் விரிசல் ஏற்படுவது மருத்துவர்கள் நன்கறிந்த நிலை. பிள்ளை முதுகு வலிக்கிறது என்று சொன்னால், தசைப்பிடிப்பு என்று தள்ளிவிடாமல் வீச்சை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். முழு வேக வீச்சுகளுக்கு ஒரு பயிற்சி நாளில் பத்துப் பதினைந்து நிமிடங்களே போதும். அதுவும் உடல் சூடேறிய பிறகு, இலகுவான மட்டையோடு, ஒவ்வொரு வீச்சுக்கும் இடையே மூச்சு வாங்க நேரம் கொடுத்து.

வயதும் வளர்ச்சியும் முடிவை எப்படி மாற்றுகின்றன

உயரம் மிக விரைவாகக் கூடும் காலம் பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 12 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14 வயதிலும் வருகிறது. ஒருவருக்கொருவர் இரண்டு ஆண்டு வரை வேறுபடலாம். அந்த மாதங்களில் கை கால்களின் நீளம் மாறிக்கொண்டே இருப்பதால், நேற்று வரை நன்றாக ஆடிய பிள்ளை பந்தைச் சரியாகத் தொடக்கூட முடியாமல் தடுமாறலாம். வடிவத்தைக் கற்பிப்பவர்கள் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் ஸ்விங்கை முழுவதும் மாற்றியமைக்கத் தொடங்குகிறார்கள். என் பார்வையில் அதற்கு இதைவிடத் தவறான நேரம் கிடையாது. மட்டையின் நீளத்தைச் சரிபார்ப்பதும், முழு வீச்சுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும், கிரீனைச் சுற்றியுள்ள ஆட்டத்துக்கு நேரத்தைத் திருப்புவதும், இது கடந்துபோகும் என்று பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்வதுமே அப்போது செய்யத்தக்கவை.

ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஓட்டம், எறிதல், சமநிலை விளையாட்டுகளோடு கலந்த பணிகளைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. ஒரே விளையாட்டில் மட்டும் முழுமையாக இறங்குவதைப் 15 அல்லது 16 வயது வரை தள்ளிப்போடுவது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வும் வேண்டும் என்கிறது. வளர்ச்சி வேகம் தணிந்த பிறகு, போட்டியில் தீவிரமாக இறங்க விரும்பும் இளையவர் தானே வந்து, என் அயர்ன் அடி அழுத்தமான நேரத்தில் ஏன் இடப்புறம் போகிறது என்று கேட்கும் நாள் வரும். வடிவத்தைப் பற்றிய உரையாடலுக்கு அதுவே உரிய நேரம், ஏனெனில் கேள்வி அவருடையது.

கேமராவும் ராடாரும் எந்த வழிக்கும் தனிச் சொத்தல்ல. விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைப்பேசி இன்று பலரிடம் இருக்கிறது. பயிற்றுநர் தன் கணிப்பைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்தட்டும். பிள்ளையிடம் வாரந்தோறும் காட்ட வேண்டாம். எண்களில் மட்டையின் வேகத்தை மட்டும் சிறுவர்களுக்குக் காட்டலாம், அது அவர்களை உற்சாகப்படுத்தும்.

தனிப் பாடமா, குழுவா என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை: சிறுவர்களுக்குக் குழு, குறிப்பிட்ட குறையைத் திருத்த எப்போதாவது தனிப் பாடம்.

சேர்ப்பதற்கு முன் ஒரு மணி நேரம்

வழியின் பெயரைக் கேட்டு எந்தப் பயிற்றுநரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். வடிவத்தையே கற்பிப்பதாகச் சொல்லும் ஒருவர் உண்மையில் அருமையான பணிகளை அமைப்பவராக இருக்கலாம். பணி வழியைப் பின்பற்றுவதாகச் சொல்பவர் வெறுமனே விளையாட விட்டுவிட்டு நிற்கலாம். தன் வழியை ஆழமாக அறிந்த பயிற்றுநர், தனக்குப் பொருந்தாத நல்ல வழியை அரைகுறையாகப் பின்பற்றுபவரைவிடப் பிள்ளைக்கு நன்மை செய்வார் என்பதால், பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்பு ஒரு முழுப் பயிற்சி நேரத்தை ஓரமாக இருந்து பார்த்துவிடுவது பெற்றோரின் கடமை.

பார்க்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பிறகு பிள்ளைகளின் கண்கள் எங்கே போகின்றன என்பதைக் கவனியுங்கள். பந்து விழும் இடத்தைப் பார்க்கிறார்களா, பயிற்றுநரைப் பார்க்கிறார்களா? பயிற்றுநர் எத்தனை அடிகளைப் பேசாமல் கடந்துபோக விடுகிறார்? ஒரு பணி வேலை செய்யவில்லை என்று கண்டதும் இலக்கையோ தூரத்தையோ மாற்றுகிறாரா, அதே சொல்லை உரத்த குரலில் மீண்டும் சொல்கிறாரா? பிடியைத் திருத்தும்போது காரணத்தைப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்கிறாரா? மூன்றே அடிகளில் மூன்று வேறு குறிப்புகள் கொடுக்கும் பயிற்றுநரிடம், அவர் எந்த வழியைச் சேர்ந்தவராக இருந்தாலும், பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.

சேர்த்த பிறகு முன்னேற்றத்தை அளக்க, மாதம் ஒருமுறை 50 கெஜத்திலிருந்து ஒன்பது குழிகளை ஆட வைத்து எண்ணிக்கையை ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். அதே பக்கத்தில் பிள்ளையின் உயரத்தையும் எழுதுங்கள். மூன்று நான்கு மாதங்களில் எண்ணிக்கை குறையாமல் உயரமும் மாறாமல் இருந்தால், பயிற்றுநரிடம் பேசிப் பணிகளை மாற்றவோ வடிவத்தில் ஒரு திருத்தம் தேவையா என்று பார்க்கவோ வேண்டிய நேரம் அது. எண்ணிக்கை கூடி உயரமும் வேகமாகக் கூடியிருந்தால், எதையும் மாற்றாமல் மட்டையின் நீளத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு இன்னும் சில மாதங்கள் காத்திருங்கள்.